500 என்பது ஒரு பெயர்

சற்றே நீண்ட பதிவு. தாராவியில் இருக்கும் சித்தி மகனுக்கு விளையாட்டுக் கணினி ஒன்றை உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டினோம் என்று சென்ற மாதம் இரண்டு வரி எழுதியிருந்தேன். என்னென்ன வாங்கினீர்கள் என்று உட்பெட்டியில் பலர் கேட்டுவிட்டார்கள். பட்டியலை மட்டும் தந்தால் எவருக்கும் பயன்படாது. அது அந்த வீட்டுக்கான பட்டியல். ஆகவே காரணங்களோடு எழுதுகிறேன்.

முதலில் வீடு. 90 அடிச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் சந்தில் கீழே ஓர் அறை, இரும்பு ஏணி, மேலே தகரக் கூரையோடு ஓர் அறை. சித்தப்பாவுக்கு இட்லி வியாபாரம். பிற்பகலில் கிரைண்டர் ஓடும். விடியுமுன் அடுப்பில் ஆவி பறக்கும். அந்த ஆவியில் பாதி ஏணி வழியாக மேலறைக்கு வந்து சேரும். தம்பி கல்லூரி முதலாண்டு. இரண்டாண்டுகளாக விடியற்காலையில் கடைகளுக்கு இட்லி கொண்டுபோய்க் கொடுத்து அவன் சேர்த்த தொகை 58,000 ரூபாய். ஆராய்ச்சி உதவித்தொகையில் வாழும் என்னைப் போன்றவர்களுக்கு அது எத்தகைய தொகை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதில் ஓர் உதிரி புகைந்து போனாலும் மறுபடி வாங்க வழியில்லை.

"லேப்டாப்பு வாங்குனா காலேஜுக்குத் தூக்கிட்டுப் போவாம்லா, பிள்ள?" என்று சித்தி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மடிக்கணினியில் ஒன்று பழுதானால் பெரும்பாலும் முழுவதும் முடங்கும். உதிரிகளால் ஆனதில் பழுதான உதிரியை மட்டும் மாற்றினால் போதும். இன்னொன்றும் உண்டு. மடிக்கணினியில் 'ஆர்டிஎக்ஸ் 4060' என்று ஒட்டியிருக்கும் கிராபிக்ஸ் சில்லு, நிறுவனம் அமைத்தபடி 35 வாட்டிலும் ஓடலாம், 115 வாட்டிலும் ஓடலாம். ஒட்டியிருக்கும் பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இங்கிருந்துதான் எனக்கு இந்த வேலை சுவைக்கத் தொடங்கியது. முதுகலையில் மொழியியல் படித்தவளுக்கு உதிரிகளின் பெயர்கள் ஓர் உருபனியல் பயிற்சி. இன்டெல் பிராசசரின் எண்ணுக்குப் பின் 'எஃப்' வந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. ஓர் எதிர்மறை விகுதி என்று கொள்ளலாம். 'கே' வந்தால் வேகப் பெருக்கியைக் கூட்டிக்கொள்ளலாம். ஏஎம்டியின் பெயர்களில் 'ஜி' வந்தால் கிராபிக்ஸ் உள்ளே உண்டு. இதுவரை இலக்கணம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. பிறகு விதிவிலக்குகள் தொடங்குகின்றன. ரைசன் 5 5500, ரைசன் 5 5600 இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு படி வேறுபாடு என்றே தோன்றும். உண்மையில் முன்னதன் எல்3 கேஷ் 16 எம்பி, பின்னதற்கு 32. முன்னதில் பிசிஐஇ மூன்றாம் தலைமுறை, பின்னதில் நான்காம் தலைமுறை. விளையாட்டுகளில் அந்தக் கேஷின் வேறுபாடு நன்றாகவே தெரியும்.

கிராபிக்ஸ் கார்டுகளில் நிலைமை இன்னும் மோசம். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்றும் 6 ஜிபி கார்டு ஒன்றும் உண்டு. வேறுபாடு நினைவகத்தில் மட்டும் என்று வாங்குபவர் எண்ணுவார். சிறியதில் கணக்கிடும் கருக்களும் குறைவு. ஜிடி 1030இல் ஜிடிடிஆர்5 வகையும் டிடிஆர்4 வகையும் ஒரே பெயரில் வந்தன. பின்னது முன்னதன் அருகில்கூட வராது. சீனச் சந்தைக்காக 2018இல் வந்த 'ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி' என்பது பெயரளவில் 580, உள்ளே ஏறத்தாழ 570. இப்படிப்பட்டவை பழைய பொருள் சந்தையில் 580 என்றே கைமாறுகின்றன. "எக்கா, ரெண்டும் ஒரே கார்டுதானக்கா?" என்று தம்பி ஒவ்வொரு படத்தையும் அனுப்பிக் கேட்பான். ஒரு வாரத்தில் அவனே பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கக் கற்றுக்கொண்டான். மூலபாட ஆய்வு என்று எங்கள் துறையில் ஒரு தாள் முழுக்கச் சொல்லித் தருவதை அவன் வாட்ஸ்அப்பில் கற்றான்.

சொசூர் இறந்து மூன்றாண்டுகள் கழித்து, 1916இல் வெளியான அவருடைய பாடநூலின் மையக் கருத்து ஒன்று உண்டு: ஒரு குறியின் மதிப்பு அதற்குள்ளே இல்லை, அமைப்பில் மற்றக் குறிகளோடு அது கொள்ளும் உறவில் இருக்கிறது. கணினி உதிரிகளுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியாது. தம்பியின் திரை, நான் முன்பு பயன்படுத்திய பழைய மானிட்டர். நொடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கும். 150 சட்டகங்கள் தரும் கார்டை அதோடு இணைத்தால் பெரும்பகுதி கண்ணுக்கு எட்டாது. 16 ஜிபி ரேமை ஒரே குச்சியாக வாங்குவதைவிட 8 ஜிபி குச்சிகள் இரண்டாக வாங்கினால் இரு தடங்களிலும் தரவு போகும்; அளவு மாறாமலே வேகம் கூடும். ஆகவே எந்தக் கார்டு நல்லது என்று தனியாகக் கேட்பதில் பொருளில்லை.

ஆனால் அந்த வீட்டில் உறவு மதர்போர்டோடு நின்றுவிடவில்லை, கிரைண்டர் வரை நீண்டது.

கிரைண்டரை ஓட்டும் நொடியில் மேலறைக் குழல்விளக்கு ஒருமுறை மங்கி மீளும். மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். வீட்டின் மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் அந்தக் கணத்தில் சரியும். விளக்குக்கு அது கண்சிமிட்டல். கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸுக்கோ அது தேர்வு. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய மின்தேக்கி, உள்ளே வரும் மின்சாரம் அறுந்தாலும் ஏறத்தாழ 16 மில்லிநொடி வரை வெளியே செல்லும் மின்சாரத்தைக் குலையாமல் காக்க வேண்டும் என்பது ஏடிஎக்ஸ் வரையறை. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லிநொடி. ஒரு முழுச் சுற்றுக்குக்கூடக் காப்பு இல்லை என்று பொருள். மலிவானதில் அந்த மின்தேக்கியைத்தான் முதலில் சிறிதாக்குவார்கள். அடுத்து, முகப்புச் சீட்டில் உள்ளீடு 100–240 வோல்ட் என்று இருந்தால் மின்னழுத்தம் நன்றாகத் தாழ்ந்தாலும் அது வேலை செய்யும். 200–240 என்று இருந்தால் தாராவியின் பிற்பகலுக்கு அது ஆகாது.

எனவே எல்லாரும் கடைசியில், மிச்சக் காசில் வாங்கும் பொருளை நாங்கள் முதலில் முடிவு செய்தோம். இணையக் காணொளிகளில் இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்குவார்கள், கார்டுக்கு நாற்பது நிமிடம். கிரைண்டர் ஓடாத வீடுகளில் எடுத்த காணொளிகள் போலும்.

ஒரு சனிக்கிழமை மாகிமில் ரயிலேறி கிராண்ட் ரோடில் இறங்கி லேமிங்டன் சாலைக்குப் போனோம். அரசு வைத்த பெயர் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க். அப்படிக் கேட்டால் வழி சொல்ல ஆள் கிடைப்பது அரிது. லேமிங்டன் பிரபு 1903 முதல் 1907 வரை பம்பாய் ஆளுநர். 1940இல் லண்டன் காக்ஸ்டன் அரங்கில் உத்தம் சிங் மைக்கேல் ஓ'டுவையரைச் சுட்டபோது காயமடைந்தவர்களில் இவரும் ஒருவர். தம்பிக்கு இதைச் சொன்னேன். அவன் கண்ணெல்லாம் கண்ணாடிக்குள் இருந்த கேபினெட்டுகளின் மீது இருந்தது.

அங்கே ஒரு கடையில் கேபினெட்டும் '500' எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்த்து 3,200 ரூபாய் என்றார்கள். 500 வாட் என்று நாம் படித்துக்கொள்வோம். சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது 12 வோல்ட் தடத்திலிருந்து; அந்தக் கட்டத்தில் 16 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. 12ஐ 16ஆல் பெருக்கினால் 192. அந்தச் சீட்டில் 500 என்ற எண்ணுக்குப் பின் 'வாட்' என்ற சொல்லே இல்லை. அது அளவு அன்று. அந்தப் பொருளின் இயற்பெயர். கருப்பாயி என்ற பெயருடையவர் சிவப்பாக இருந்தால் அவரைப் பொய்யர் என்று சொல்ல முடியுமா? கடைக்காரரிடம் கேட்டேன். "சப் யஹீ லேதே ஹைன்" என்றார். எல்லாரும் வாங்குகிறார்கள் என்பதும் உண்மையாகவே இருக்கலாம்.

வேறு கடையில் 550 வாட், 80 பிளஸ் வெண்கலச் சான்று, 12 வோல்ட்டில் மட்டும் 500 வாட்டுக்கு மேல், உள்ளீடு 100–240, ஐந்தாண்டு உத்தரவாதம்: 4,300 ரூபாய். இந்த 80 பிளஸையும் சரியாகப் படிக்க வேண்டும். 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய அச்சான்று, எடுத்த மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வெளியே போகிறது என்பதை மட்டும் சொல்லும். பாதுகாப்புச் சுற்றுகளைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அதற்குத் தனி ஆய்வுரைகளைத் தேடித்தான் படிக்க வேண்டும். பில் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும் என்றோம். 18 விழுக்காடு ஜிஎஸ்டி கசக்கத்தான் செய்யும்; ஆனால் பில் இல்லாத பொருளின் ஐந்தாண்டு உத்தரவாதத்தை எவரிடம் போய்க் கேட்பது?

கார்டில் ஒரு வாரம் இழுபறி. மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் அருகே இருக்கும் என் நண்பர் ஒருவர் தம் ஆர்டிஎக்ஸ் 3060ஐ விற்க இருந்தார். 12 ஜிபி நினைவகம், கேட்ட விலையும் குறைவு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் முறை மாறும் வரை அதை இரவு பகலாக நாணயம் 'தோண்ட' ஓட்டியதை அவரே மறைக்காமல் சொன்னார். அவர் வீட்டில் அரை மணி நேரம் ஓட்டியும் பார்த்தோம். குறை ஒன்றும் தெரியவில்லை. தம்பிதான் வேண்டாம் என்றான். காரணம் தோண்டியது அன்று. 3060 உண்பது 170 வாட்; புதிய ஆர்எக்ஸ் 6600 உண்பது 132. கணினி எடுக்கும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாக அந்த அறைக்குள்தான் இறங்கும். "மேல மே மாசம் படுத்துப் பாத்திருக்கியாக்கா நீ?" என்றான். செம்பூரில் மூன்றாம் மாடியில், மேலே இன்னொரு வீட்டைக் கூரையாகக் கொண்டு உறங்கும் எனக்கு அதற்குப் பதில் இல்லை. ஆர்எக்ஸ் 6600 வாங்கினோம். 8 ஜிபி போதாத காலம் வரும் என்பது அவனுக்கும் தெரியும்.

மற்றவை விரைவாக: ரைசன் 5 5600, பி550 சில்லுத் தொகுதியுள்ள சிறிய மதர்போர்டு, டிடிஆர்4 ரேம், 1 டிபி எஸ்எஸ்டி. ஏஎம்4 சாக்கெட் காலாவதியாகிறது, ஏஎம்5க்குப் போயிருக்கலாமே என்று சிலர் கேட்பீர்கள். அதற்கு மதர்போர்டும் டிடிஆர்5 ரேமும் சேர்த்துக் கூடுதலாகத் தர வேண்டிய தொகை கார்டிலிருந்துதான் போகும். கேபினெட் வலை முகப்போடு, ஒருவர் தூக்கிக்கொண்டு ஏணியில் இறங்கக்கூடிய அளவில். 2024 மார்ச்சில் தாராவியில் தொடங்கிய மறுசீரமைப்புக் கணக்கெடுப்பில் அவர்கள் வாசலிலும் எண் எழுதிவிட்டுப் போனார்கள். மேலறையில் இருப்போர் எங்கே போவார்கள் என்பது சந்து முழுவதும் தினம் பேசப்படும் பேச்சு. பெரிய கண்ணாடிப் பெட்டியில் ஆசை இருந்தும் அவன் அதைக் கேட்கவில்லை.

பூட்டும் வேலை ஒரு பிற்பகலில் முடிந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது எர்த் பற்றி. கணினியை ஓட்டியதும் கேபினெட்டின் ஓரத்தைத் தொட்டால் விரல் நுனியில் மெல்லிய குறுகுறுப்பு. டெஸ்டரை வைத்தால் விளக்கு எரிந்தது. எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று சித்தி பதறினார். கெடவில்லை. அதன் வடிகட்டி மின்தேக்கிகள் சிறிதளவு கசிவை எர்த் கம்பிக்கு அனுப்பும்; அந்த வீட்டு மூன்று துளைச் சாக்கெட்டில் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. போக வழியில்லாத கசிவு பெட்டியில் நின்றது. மூன்று துளை என்பதும் ஒரு பெயர்தான். அன்று மாலையே எலக்ட்ரீஷியனை அழைத்துக் கீழே மீட்டரிலிருந்து எர்த் கம்பி இழுத்தோம். கிரைண்டரையும் அதோடு இணைக்கச் சொன்னேன். ஈரக் கையோடு இத்தனை ஆண்டுகள் அந்தக் கிரைண்டரைத் தொட்டவர் சித்தி. கணினி வாங்கியிராவிட்டால் அந்தக் கம்பி இன்றும் வந்திராது.

யுபிஎஸ் இன்னும் வாங்கவில்லை. மலிவான யுபிஎஸ் தருவது படிப்படியான அலை. இந்த வகை எஸ்எம்பிஎஸ் சிலவற்றுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. தூய சைன் அலை தருவதன் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. தீபாவளிக்கு ஆர்டர் அதிகம் வரும், பார்க்கலாம் என்று சொன்னது சித்தி. அதுவரை பிற்பகலில் கிரைண்டரைப் போடுமுன் ஏணிக்குக் கீழே நின்று ஒரு குரல் கொடுக்கிறார். தேவையில்லை சித்தி, அது தாங்கும் என்று நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்பதாக இல்லை.