மொதேராவில் ஒரு பகல்

பொங்கலும் உத்தராயணமும் ஒரே நாளில் வந்து போயின. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், எங்கள் குடும்பத்தார் நால்வரும் அகமதாபாத்திலிருந்து மெஹ்சாணா செல்லும் ரயிலில் ஏறினோம். ரயில்வே குமாஸ்தாவின் குடும்பம் ஓய்வு நாளிலும் ரயிலேறுவதைக் கண்டு அண்டை வீட்டார் சிரித்தார்கள். மெஹ்சாணா வரை ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர்; அங்கிருந்து பேச்சராஜி மார்க்கத்தில் எஸ்.டி. பஸ்ஸில் இருபத்தைந்து கிலோமீட்டர் சென்றால் மொதேரா. வழியெங்கும் ஆமணக்கும் கடுகும் செழித்து நின்றன. மரங்களிலும் மின்கம்பிகளிலும் அறுந்த பட்டங்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

மொதேரா என்றதும் யாவருக்கும் நினைவுக்கு வருவது அங்குள்ள சூரியன் கோயிலே. சோலங்கி வம்சத்து முதலாம் பீமதேவன் காலத்தில், 1026-27ஆம் ஆண்டை ஒட்டி, புஷ்பாவதி நதிக்கரையில் எழுந்த கோயில் இது. நம் ஊர்த் தெப்பக்குளத்தை நினைத்துக்கொண்டு செல்கிறவர்கள் இங்குள்ள குண்டத்தைக் கண்டு சற்று திகைத்தே நிற்பார்கள். நாற்புறமும் படிக்கட்டுகள் கோலம் போட்டாற்போல் மடிந்து மடிந்து இறங்குகின்றன. படிகளுக்கிடையே 108 சிறு சந்நிதிகள். மேலே சபா மண்டபத்தில் 52 தூண்கள். கோயில் கிழக்கு நோக்கியது. பகலும் இரவும் சமமாயிருக்கும் நாட்களில் உதய சூரியனின் கிரணம் கர்ப்பகிருகத்தினுள் செல்லுமாறு அமைத்திருக்கிறார்கள். ஆனால் உள்ளே மூர்த்தி இல்லை, பூஜையும் இல்லை. கும்பகோணத்தை அடுத்த சூரியனார் கோயிலில் இன்றும் அர்ச்சனை நடக்கிறது; இங்கோ தொல்பொருள் இலாகாவின் காவலர் மட்டுமே நிற்கிறார். "கேட்டீர்களா, சாமியே இல்லாத கோயிலுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள் இல்லத்தரசி. "சாமி வெளியே ஊருக்குள் இருக்கிறார், வா" என்று அழைத்துப் போனோம்.

உண்மையில் நாங்கள் காண வந்தது அந்த ஊரைத்தான். 2022ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் தேதி, இரவும் பகலும் சூரிய மின்சாரத்தால் இயங்கும் நாட்டின் முதல் கிராமம் என்று பிரதம மந்திரி மொதேராவை அறிவித்தார். ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட வீட்டுக் கூரைகளில் ஒவ்வொரு கிலோவாட் சக்தியுள்ள சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. பக்கத்திலுள்ள சுஜன்புராவில் ராஜ்ய சர்க்கார் அளித்த 12 ஹெக்டேர் நிலத்தில் 6 மெகாவாட் மின்நிலையம் நிற்கிறது. பகலில் மிஞ்சுவதைச் சேர்த்துவைத்து இரவில் ஊருக்குக் கொடுக்க, 15 மெகாவாட்-மணி கொள்ளளவுள்ள மின்கலத் தொகுதியும் உண்டு. மத்திய சர்க்காரும் ராஜ்ய சர்க்காரும் சேர்ந்து இதற்கு 80 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டன.

கூரைகளை அண்ணாந்து பார்த்தபடி தெருவில் நடந்த எங்களை, திண்ணையில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர், "ஆவோ பாய், பேஸோ" என்று அழைத்தார். மோர் வந்தது. எங்கள் குஜராத்தியைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே அவர் தம் வீட்டுக் கதையைச் சொன்னார். முன்பெல்லாம் லைட் பில் வந்தால் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாதாம். இப்பொழுது பெரும்பாலும் ஒன்றும் கட்டுவதில்லையாம். பிள்ளைகள் உத்தராயணத்தன்று பட்டம் விட இடம் குறைந்துவிட்டதென்று மட்டும் பேரனுக்கு வருத்தம். தகட்டில் சிக்கிய மாஞ்சா நூலை அவன் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தான்.

"காகா, மனு எழுதிக் கொடுத்தீர்களா? என்னென்ன காகிதம் கேட்டார்கள்?" என்று விசாரித்தோம்.

"காகிதமா? அவர்களே வந்தார்கள், அவர்களே மாட்டினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான்" என்றார் அவர்.

இல்லத்தரசி எங்கள் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருளை வாசக அன்பர்களுக்குச் சொல்லவேண்டுமானால் சட்ட விஷயம் சிறிது பேசியாகவேண்டும்.

மின்சாரம் நமது அரசியல் சட்டத்தில் மத்திய, ராஜ்ய சர்க்கார்கள் இரண்டுக்கும் பொதுவான விஷயம்; மின்சார உபயோகத்தின் மீது வரி விதிப்பதோ ராஜ்யங்களின் உரிமை. ஆகவே வெயில் எல்லா ராஜ்யங்களிலும் அடித்தாலும், அதை மின்சாரமாக்குவதில் லாபம் உண்டா என்பதைப் பெரிதும் அந்தந்தத் தலைநகரமே தீர்மானிக்கிறது. குஜராத் இதில் முந்திக்கொண்டது. மத்திய சர்க்காரின் தேசிய சூரிய சக்தித் திட்டம் 2010இல் பிறந்தது; குஜராத் தன் சூரிய மின்சக்திக் கொள்கையை 2009லேயே வெளியிட்டுவிட்டது. அதன்பின் காந்திநகரில் ஒரு நூதன ஏற்பாடும் நடந்தது. கம்பெனியார் பிறர் வீட்டு மாடியில் தகடுகளைப் பொருத்தி, விளையும் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு மூன்று ரூபாய் வீதம் வீட்டுக்காரருக்கு மாடி வாடகை கொடுத்தார்கள். வெறும் மாடி வாடகை ஈட்டும் என்பதை அதற்குமுன் யார் கண்டார்கள்?

2019இல் 'சூர்ய குஜராத்' திட்டம் வந்தது. மூன்று கிலோவாட் வரை விலையில் நூற்றுக்கு நாற்பது மானியம். 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் நாடு முழுவதுக்குமாகப் புதிய திட்டம் கொண்டுவந்தது: ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000. தகட்டின் மின்கலங்கள் நம் நாட்டில் செய்தவையாக இருத்தல் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் இந்தத் தகடுகளின் மீதிருந்த ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கிற்று. மூன்று கிலோவாட் தகடுகள் நாளொன்றுக்குச் சராசரி பன்னிரண்டு யூனிட் கொடுக்கும். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது போதும், கோடையில் கூலர் ஓடினாலும்கூட.

எல்லாம் கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. நாங்களும் அப்படித்தான் மயங்கினோம். இரண்டாண்டுகளுக்கு முன் கடன் வாங்கிப் பழைய வீடொன்றை வாங்கியிருந்தோம், மாடி எங்களுடையது. மனு செய்தோம். அது திரும்பி வந்தது. காரணம், லைட் பில் இன்னும் முன்னாள் சொந்தக்காரர் பெயரில் இருக்கிறது. அவரோ காலமாகிவிட்டார். பில்லை மாதம் தவறாமல் கட்டியவர்கள் நாங்கள். மானியத்துக்கு உரிய பெயர் அவருடையது! பெயர் மாற்றத்துக்குப் போனோம். ஓர் அலுவலகத்தில் பத்திரம் கேட்டார்கள். மூலப் பத்திரம் கடன் கொடுத்தவர்களிடம் இருக்கிறது. நகல் கொடுத்தோம், அத்தாட்சி செய்த நகல் வேண்டுமென்றார்கள். இருபது வருஷமாகக் கோப்புகளைக் கட்டிக்கொண்டு அழும் கை, இந்த ஒரு கோப்பைக் கண்டு நடுங்கியது. குறை சொல்கிறவர் நாமும் ஓர் அலுவலகத்தில் இதே காகிதங்களைத்தான் கேட்கிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

எங்களுக்காவது மாடி உண்டு. நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிக்கு மேல் வாடகை வீட்டில் இருக்கின்றன. சொந்தக் கூரை உள்ளவருக்கே மானியம் என்பது விதி. வாடகைக்காரர் கட்டும் பில் எவ்வளவானாலும் தகடு போடும் உரிமை வீட்டுக்காரருக்கு. வீட்டுக்காரருக்கோ, பில் கட்டாத காரணத்தால், அதில் ஆசையில்லை. நடுவில் வெயில் வீணாகிறது. அடுக்குமாடிச் சங்கங்களுக்கு மட்டும் படிக்கட்டு விளக்கு, நீரேற்றி போன்ற பொது உபயோகத்துக்காகக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட கட்டடங்களில் குடியிருக்கும் அன்பர்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைக் கிளப்பலாம். ஊரில் தனியாக இருக்கும் அம்மாவின் வீட்டிலேனும் போடலாமா என்றும் யோசித்தோம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம்; அம்மாவின் இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் அதைத் தாண்டுவதே இல்லை. அங்கே சூரியனுக்கு வேலையில்லை.

மாலையில் கோயிலின்மீது ஒளிச்சித்திரம் காட்டுகிறார்கள். அதற்கும் சூரிய மின்சாரமே. பார்த்துவிட்டுத்தான் வருவோமென்று பிள்ளைகள் அடம்பிடித்தார்கள். காட்சி ஏழு மணிக்கு. அதற்குப்பின் பஸ் கிடைக்குமோ என்ற பயத்தில் இழுத்துக்கொண்டு கிளம்பினோம். பஸ் நகர்ந்தபோது வீட்டுக் கூரைகளில் கடைசி வெயில் பட்டுத் தகடுகள் மின்னின.

மறுநாள் அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு எழுதிவிட்டு, கடன் கொடுத்தவர்களிடம் போய் அத்தாட்சி நகல் வாங்கிப் பெயர் மாற்ற மனுவை மீண்டும் கொடுத்தோம். ரசீது எண் போட்ட துண்டுக் காகிதத்தை இல்லத்தரசி சுவாமி படத்தின் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். சூரியன் படம்தான், மொதேராவில் வாங்கியது.