ட்ரோபோனின் டெஸ்ட்டும் முடி வளர்க்கும் மாத்திரையும்

நெஞ்சுவலி என்று போனால் இ.சி.ஜி.யோடு ட்ரோபோனின் டெஸ்ட்டும் எடுக்கச் சொல்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று படிக்கப் படிக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

ட்ரோபோனின் தசைக்குள் இருக்கும் புரதம். இதயத்தசை சேதமானால் ரத்தத்தில் கசியும். கை, கால் தசைகளிலும் இதே குடும்பத்துப் புரதம் உண்டு. ஆனால் இதயத்தில் இருக்கும் ட்ரோபோனின்-ஐ என்ற வகையின் ஒரு முனையில் சுமார் 30 அமினோ அமிலங்கள் கூடுதல். இதுபோன்ற வேறுபாடுகளை வைத்துத்தான் ஆய்வக ஆன்டிபாடிகள் இதயப் புரதத்தைப் பிரித்தறிகின்றன. ஒரு ஆன்டிபாடி அதைப் பிடித்து நிறுத்தும். இன்னொன்று அளவைக் காட்டும். ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியை விஞ்ஞானிகள் கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் கண்டுபிடித்தார்கள். 1984இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆனால் சில ட்ரோபோனின் டெஸ்ட் கிட்கள் ஆன்டிபாடியைப் பிடித்துவைக்க பயோட்டினைப் பயன்படுத்துகின்றன. முடி வளர நாம் விழுங்கும் மாத்திரையில் இருப்பதும் அதே பயோட்டின்தான். ரத்தத்தில் அது அதிகமிருந்தால் ட்ரோபோனின் குறைவாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017இல் எச்சரித்தது.

பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் டெஸ்ட்டுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் கேட்டால் அலுத்துக்கொள்ளாமல் கொடுங்கள். ட்ரோபோனின் ஏறுவதற்கு நேரம் பிடிக்கும்.