அந்த ஷூவைக் கொடுத்தவன் நான்

என் தங்கச்சி மகன் குரங்கணி மலையில் கால் பிரண்டு விழுந்ததற்கு அவன் நடை காரணம் இல்லை. நான் அவனுக்குப் போட்டுவிட்ட ஷூதான் காரணம். "கீழே பார்த்து நடக்கலை" என்று நான் சொன்னதையே வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவனும் நம்புகிறான்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தாலும் நான் மலையில் பிழைத்தவன் அல்ல. விடியுமுன் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களுக்கு மலை பிழைப்பு. எனக்கு லீவு நாள் பொழுதுபோக்கு. அப்படியிருந்தும், மலையைப் பற்றிச் சொல்ல எனக்குத்தான் தகுதி இருப்பதாக நினைத்துக்கொண்டேன். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேற வந்த 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பிறகு போடியிலும் கம்பத்திலும் பார்த்தவர்களிடமெல்லாம் உபதேசம் செய்தேன். காய்ந்த புல் நிற்கும் மாசி, பங்குனியில் ஏறாதே. நைலான், பாலியஸ்டர் உடுப்பு சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும், பருத்தி உடுத்து. சறுக்கும் புல்சரிவில் வழவழப்பான அடிப்பாகம் உள்ள ஷூ போடாதே. சொன்னதெல்லாம் சரிதான். சொன்ன நான் அதன்படி நடக்கவில்லை.

2024 அக்டோபரில் தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் தொடங்கியது. 40 பாதைகளில் குரங்கணி–சாம்பலாறும் ஒன்று. தீக்காலத்துக்குப் பாதையை மூடுவதற்கு முன்பு, அடுத்த தை மாதமே பதிவு செய்தேன். எனக்குக் கணுக்காலை மூடும் விலை உயர்ந்த புது ஷூ வாங்கினேன். தேவை இருந்து வாங்கவில்லை. அதைப் போட்டால் மலையேறி மாதிரித் தெரியும் என்று வாங்கினேன். காலையில் வெறுங்காலோடு போட்டுப் பார்த்து, கச்சிதமாக இருக்கிறதென்று எடுத்துவந்தேன். நடக்க நடக்கக் கால் வீங்கும் என்பதால் மாலையில், தடித்த காலுறையோடு, விரல் நுனியில் இடம் விட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் பெருவிரல் முன்பக்கம் போய் இடிக்கும். எனக்கு நகம் கறுத்தது. அது போகட்டும்.

என்னோடு வந்த தங்கச்சி மகன் வழக்கமாகப் பள்ளி மைதானத்தில் ஓடும் ஷூவோடு கிளம்பினான். அடிப்பாகத்தில் நல்ல பிடிப்பு இருந்தது, காலுக்கும் பழகியிருந்தது. அந்தப் பாதைக்கு அதுவே போதும். "இதெல்லாம் மலைக்கு ஆகாது மாப்ளே" என்று தடுத்து, பரணில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்த என் பழைய ஷூவை எடுத்தேன். பார்க்கப் புதிதாகத்தான் இருந்தது. இந்த வகை ஷூக்களில் தோலுக்கும் ரப்பருக்கும் நடுவே பாலியூரித்தேன் மெத்தை ஒன்று இருக்கும். போடாமல் மூடி வைத்தாலும் காற்றின் ஈரம் பட்டுப்பட்டு, சில வருடங்களில் அது தானாகவே உதிர ஆரம்பிக்கும். முந்தின இரவு ஓரத்தை அழுத்திப் பார்த்தேன். விரிசல் விட்டது, மாவு மாதிரித் தூள் விரலில் ஒட்டியது. எனக்குத் தெரிந்துவிட்டது. அதை அவனிடம் சொல்லியிருந்தால், அவன் ஷூவே மேல் என்று ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். பசை தடவி ஒட்டினேன். காலையில் நானே குனிந்து நாடாவைக் கட்டிவிட்டேன்.

இறக்கத்தில் இடது ஷூவின் அடிப்பாகம் முன்பக்கமிருந்து பிளந்தது. ஈரப் பாறையில் கால் மடங்கி விழுந்தான். கூட வந்த வழிகாட்டி தன் துண்டைக் கிழித்து ஷூவைச் சேர்த்துக் கட்டினார். கையில் ஒட்டிய தூளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கணுக்காலில் தசைநார் கிழிந்திருந்தது. அந்த வருடப் பொதுத்தேர்வுக்கு அவன் நொண்டிக்கொண்டே போனான். ஷூவை நான் யாருக்கும் தெரியாமல் குப்பையில் போட்டேன்.

பனிச்சறுக்குத் தளங்களில் உபகரணம் வாடகைக்கு எடுத்தால் எடை, உயரம், வயது, ஷூவின் நீளம், எவ்வளவு வேகமாகச் சறுக்குவாய் என்றெல்லாம் கேட்பார்கள் என்று பின்னால் படித்தேன். விழும்போது ஷூ பலகையிலிருந்து கழல வேண்டும். எவ்வளவு இறுக்கத்தில் கழலும் என்பதை அந்தப் பதில்களை வைத்துத்தான் அமைக்கிறார்கள். தேர்ந்தவன் என்று பொய் சொன்னால் இறுக்கமாக வைத்துவிடுவார்கள், பலகை கழலாமல் முழங்கால் திருகிக்கொள்ளும். படித்தபோது உடம்பு கூசியது. அங்கே பொய் சொன்னவனின் கால் போகும். என் பொய்க்குப் பதினேழு வயதுப் பையனின் கால் போனது.

இப்போது அவன் கோவையில் படிக்கிறான். கூடப் படிக்கிற பையன்கள் வெள்ளியங்கிரிக்குக் கூப்பிட்டார்களாம். "எனக்கு மலை சரிப்படாது மாமா, என் நடை அப்படி" என்று போனில் சொன்னான். நான் "பரவாயில்லடா" என்றேன். அப்போதும் அவ்வளவுதான் சொன்னேன்.

தங்கச்சியிடம் சொல்வதற்கு முன்பு இங்கே எழுதுவது முறையில்லை என்று தெரியும். எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது என்றுதான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவன் ஊருக்கு வருகிறான். சின்னமனூர் போய் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லப்போகிறேன், அந்தத் தூளையும் பசையையும் சேர்த்து.