பாட்டுக்கு அடியில் ஓடும் பாட்டு

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் 1982இல் வந்த ‘இளைய நிலா’ ஒலித்தால், எல்லோர் காதும் கிட்டாருக்குத்தான் போகும். அதற்கும் கீழே இன்னொரு கிட்டார் தனி மெட்டாகவே நடந்துகொண்டிருக்கும். அதுதான் பேஸ் கிட்டார். இளையராஜாவின் பல பாடல்களில் அதை வாசித்தவர் சசிதரன். அந்தப் பெயரை இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்!

பேஸ் கிட்டார் வருமுன், தாழ்ந்த சுரங்களுக்காக ஆளுயர டபுள் பேஸ் வாத்தியத்தைச் சுமந்து திரிந்த கலைஞர்களுக்கு 1951இல் விடிவு வந்தது. கலிபோர்னியாவில் முன்பு ரேடியோ திருத்திக்கொண்டிருந்த லியோ ஃபெண்டர், தோளில் மாட்டக்கூடிய ‘பிரெசிஷன் பேஸ்’ஸைக் கொண்டுவந்தார். சுரம் பிசகாமல் விரல் வைக்கக் அதன் கழுத்தில் உலோகப் பட்டைகள் பதித்ததால்தான் ‘துல்லியம்’ எனப் பொருள்படும் அந்தப் பெயர். வியப்பு என்னவென்றால், அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது.

அந்தப் பேஸில் நான்கு தடித்த கம்பிகள், 34 அங்குல அதிர்வு நீளம். காந்தத்தின் மேல் கம்பி அதிர, காந்தத்தைச் சுற்றிய சுருளில் மின்சாரம் பிறக்கிறது.

மிகத் தாழ்ந்த கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிரும். பஸ்ஸின் சின்ன ஸ்பீக்கரால் அந்த ஆழத்தைத் தர முடியாது. கேட்கும் மேல்சுரங்களை வைத்து, அடிச்சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்கிறது.