பெயர் கேளாத படம்

நமது வீட்டுச் சுவரிலே பழைய புகைப்படமொன்றின் படியை மாட்டினோம். ஜமைக்கா நாட்டுப் பழக்காரி. தலையிலே கூடை, கூடை நிறைய வாழைப்பழம். அழகு என்று அகமகிழ்ந்தோம்.

வீட்டுக்கு வந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "இந்த அம்மா யார் ஐயா?"

"பழக்காரி" என்றோம்.

"அது தொழிலாயிற்றே! பெயர் என்ன?"

விடையற்று நின்றோம். படத்தின் கீழே ஊரின் பெயர் இருந்தது. பெண்ணின் பெயர் இல்லை!

இத்தகைய படங்கள் எதற்காக எடுக்கப்பட்டன? 1891-இல் கிங்ஸ்டன் நகரிலே அனைத்துலகக் கண்காட்சி நடந்தது. அந்நாளிலே ஸ்காட்லாந்தின் வாலண்டைன் நிறுவனத்தார் தீவைப் படமெடுத்தனர். பயணிகள் வரவேண்டும், பணமுடையோர் வரவேண்டும்! அதற்காகத் தோப்பைக் காட்டினர், துறைமுகத்தைக் காட்டினர், பழக்காரியையும் காட்டினர். காட்சிப் பொருளுக்குப் பெயர் எதற்கு?

அவள் காட்சிப் பொருளா? அத்தீவின் அடிமைகள், கரும்புத் தோட்டத்திலே உழைத்து ஓய்ந்த பின்னும், ஒதுக்கிய நிலத்திலே பயிரிட்டு, ஞாயிற்றுச் சந்தையிலே விற்றுக் காசு கண்டவர்கள். 1838-இல் முழு விடுதலை வந்தது. அதன்பின் பல பெண்கள், தோட்ட முதலாளியின் கூலியை நம்பாமல், கல் தொலைவு பல நடந்து விற்றுக் குடும்பம் காத்தனர். அந்தக் கூடை அணிகலன் அன்று, தன்மானத்தின் சுமை!

படத்தை நாம் கழற்றவில்லை. அடியிலே சீட்டொன்று ஒட்டினோம்: "வணிகர். இவர் பெயரை எவரும் கேட்கவில்லை."

தோழர்களே, படம் மாட்டுங்கள். மாட்டுமுன் அந்த மாணவியின் கேள்வியைக் கேளுங்கள்!