பென்ஸ் காடியும் நம்ம தம்பியும்



கோயில் வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டு வாரமா ஒரே கேள்வி. "ஐயாவோட பழைய பென்ஸ் காடியில அந்தத் துணிக் கூரை மறுபடியும் வேலை செய்யுதாமே, யாரு செஞ்சு கொடுத்தது, எவ்வளவு ஆச்சு?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் போட முடியல. கோயில் பக்கத்துல போமன் வேலையைப் பத்தி ஏன் எழுதுறான்னு நினைக்காதீங்க. கடைசி வரைக்கும் படிச்சா காரணம் புரியும்.

காடியைப் பத்தி முதல்ல சொல்லிடுறேன். மெர்சிடிஸ் எஸ்.எல்., ஆர் 129 மாடல். 1989-லிருந்து 2001 வரைக்கும் செஞ்சாங்க. பட்டனை அழுத்தினா அரை நிமிஷத்துல கூரை தானா எழுந்து, மடிஞ்சு, பின்னாடி இருக்கிற பெட்டிக்குள்ள போய் மூடிக்கும். பார்க்கிறவங்களுக்கு மோட்டார் இழுக்கிற மாதிரி தெரியும். உண்மையில அந்த வேலையைச் செய்யிறது எண்ணெய். காடியின் பின்பகுதியில ஒரு சின்ன பம்ப் இருக்கு. அது எண்ணெயை மெல்லிய குழாய்கள் வழியா தள்ளும். கூரையைத் தூக்க, மூடியைத் திறக்க, முன் கண்ணாடிக்கு மேலே பூட்ட, இப்படி ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி சிலிண்டர். பத்துக்கும் மேல இருக்கு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவுல இருக்கும்.

ஐயா வேலையில இருந்து ஓய்வு பெற்றதும், பல வருஷமா சேர்த்து வச்ச காசுல ஆசையா வாங்கின காடி அது. அம்மாவை உட்கார வச்சு, கூரையைத் திறந்துட்டு, டாங்கா பே பக்கம் கடல்காத்து வாங்கப் போவாங்க. ஒருநாள் கோயிலுக்குக் கிளம்பும்போது முன் கண்ணாடிக்கு மேலே, வெயில் மறைப்பு இருக்கிற இடத்துல இருந்து சொட்டுச் சொட்டா எண்ணெய். விழுந்தது அம்மாவோட பட்டுப்புடவை மேல. "இனிமே இந்தக் காடியில நான் ஏற மாட்டேன்"னு அம்மா சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் காடி போர்வைக்குள்ளயே கிடந்தது.

ஒரு பட்டறையில காட்டினப்ப, எல்லா சிலிண்டரையும் புதுசா மாத்தணும்னு ஒரு விலை சொல்லியிருக்காங்க. அந்தக் காசுக்கு நல்ல நிலைமையில இருக்கிற பழைய மைவி ஒண்ணு வாங்கிடலாம். ஐயா போத்தோங் கடைக்கே தள்ளிடலாம்னு முடிவு பண்ணிட்டார். அன்னதானக் கூடத்துல இலை எடுக்கும்போது என்கிட்ட சொன்னார். "ஐயா, தள்ளுறதுக்கு முன்னாடி ஒரு தடவை நான் பார்த்துக்கிறேன்"னு சொன்னேன். நான் இருபது வருஷத்துக்கு மேல ஸ்கூடாய் பக்கம் போமனா இருக்கிறவன்னு உங்களுக்குத் தெரியும்.

கசிவுன்னு வந்தா, எண்ணெய் சொட்டுற இடம் ஒண்ணு, கசியுற இடம் வேற. எல்லாத்தையும் நல்லா துடைச்சு, வெள்ளை டிஷ்யூ சுத்தி வச்சு, கூரையை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணும். அப்படிப் பார்த்ததுல முன்பக்கப் பூட்டு சிலிண்டர் ரெண்டும் நனைஞ்சிருந்துச்சு. பின்னாடி தூக்குற சிலிண்டர்லயும் ஈரம்.

சிலிண்டர்னா என்ன? ஒரு இரும்புக் குழாய், அதுக்குள்ள ஒரு தண்டு, எண்ணெய் வெளியே வராம தடுக்கிற ஒரு ரப்பர் மாதிரியான வளையம். அதைத்தான் சீல்னு சொல்றோம். இரும்பு நூறு வருஷம் தாங்கும். சீல் தாங்காது. ஓட்டினாலும் ஓட்டாட்டியும் அதுக்கு வயசாகும். நம்ம ஜொகூர் வெயிலும் ஈரக்காத்தும் சேர்ந்தா இன்னும் சீக்கிரம். அந்தக் காலத்து சீல் சிலது கையில எடுத்தா ஊறின அப்பளம் மாதிரி பிய்ஞ்சு வரும். ஒரு வளையம் அழுகினதுக்காக முழு சிலிண்டரையும் குப்பையில போடுறதுதான் பல இடத்துல நடக்குது. சிலிண்டரைக் கழட்டி, சீலை மட்டும் மாத்தி, திரும்ப மாட்டலாம். வேலை அதிகம். செலவு குறைவு.

அந்த வேலைக்கு எனக்கு இன்னொரு ஜோடி கை வேணும். அங்கதான் தம்பி வர்றான்.

பேர் வேண்டாம். வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கிற பையன்னு சொன்னா போதும். வயசு 19. படிவம் மூணோட பள்ளிக்கூடத்தை விட்டுட்டான். காடி கழுவுற கடை, சாப்பாட்டுக்கடை, பார்சல் டெலிவரி, எதுலயும் ரெண்டு மாசம் தாண்டல. "அவன் ஒண்ணுக்கும் ஆக மாட்டான்"னு அவன் முன்னாடியே சொல்றவங்களை நான் பார்த்திருக்கேன். ஆனா ஒருநாள் கோயில் சமையலறையில கிரைண்டர் நின்னு போனப்ப, யாரும் சொல்லாமலேயே அதைக் கழட்டி, எந்த திருகு எங்கேருந்து வந்ததுன்னு வரிசையா தட்டுல அடுக்கி வச்சிருந்தான். அதை நான் மனசுல வச்சுக்கிட்டேன்.

சனிக்கிழமைதோறும் பட்டறைக்கு வரச் சொன்னேன். முதல் நாள் ஒரு ஸ்பேனர்கூட கொடுக்கல. சொல்லிக் கொடுத்தது பாதுகாப்பு மட்டும்தான். கூரை பாதி தூக்கின நிலையில இருக்கும்போது அதுக்குக் கட்டை முட்டுக் கொடுக்காம உள்ளே கையை விடக்கூடாது. எண்ணெய் அழுத்தம் போயிட்டா அந்தச் சட்டம் அப்படியே இறங்கும், விரல் போயிடும்.

"நம்ம கோயில் இரதத்துக்குச் சக்கரத்துக்கு அடியில கட்டை போடுறோமே, அது மாதிரியா அண்ணே?"ன்னு கேட்டான்.

அதேதான். திருவாரூர் ஆழித்தேர் கேள்விப்பட்டிருப்பீங்க, தமிழ்நாட்டிலேயே பெரிய தேர். அவ்வளவு பாரத்தையும் முன்னெல்லாம் முட்டுக்கட்டை போட்டுத்தான் நிறுத்தினாங்க. பிறகு திருச்சி பெல் தொழிற்சாலைக்காரங்க அதுக்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தாங்க. தேரை நிறுத்துறதும் இந்தக் கூரையைத் தூக்குறதும் ஒரே விதிதான். அடைச்சு வச்ச எண்ணெயை ஒரு பக்கம் அழுத்தினா அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாம போகும். பாஸ்கல் என்கிற பிரெஞ்சுக்காரர் 1600-கள்ல கண்டுபிடிச்சது. பிரேக் வந்த பிறகும் திருவாரூர்ல முட்டுக்கட்டை போடுறதை விடல. நாங்களும் விடல.

அடுத்து, குழாய்களைக் கழட்டுறது. ஒவ்வொரு குழாய்க்கும் டேப் ஒட்டி எண் எழுதணும். ஒவ்வொண்ணா கழட்டி உடனே வாயை மூடணும், ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் பம்புக்கு ஆகாது. தம்பி ஒவ்வொரு சிலிண்டரையும் தனிப் பையில போட்டு, இடது, வலது, மேல், கீழ்னு எழுதி, கைப்பேசியில படமும் எடுத்து வச்சான். நான் சொன்னது பாதி, அவனா செஞ்சது பாதி.

கசியாத சிலிண்டரையும் ஏன் கழட்டுறோம்னு கேட்டான். எல்லாத்துக்கும் ஒரே வயசு. இன்னிக்கு ஒண்ணை மட்டும் மாத்தினா அடுத்த மாசம் பக்கத்துல இருக்கிறது கசியும். கூரையைத் தூக்குற ஜோடியில ஒரு பக்கம் மட்டும் பலமா இருந்தா சட்டமே கோணிக்கும்.

எக்ஸ்கவேட்டருக்கு சீல் போடுற கடை ஒண்ணு தெப்ராவ் பக்கம் இருக்கு. அங்கே போய் அளவெடுத்து, நல்ல தரமான சீலா வாங்கினோம். தண்டை எப்படிச் சோதிக்கணும்னு அந்தக் கடை தவுக்கே தம்பிக்குக் காட்டினார். நகத்தை வச்சு நீளவாக்குல தடவு. நகம் எங்கேயாவது தட்டுச்சுன்னா கீறல் இருக்கு, புது சீலையும் அது கிழிச்சிடும். முன்பக்கப் பூட்டு சிலிண்டர் ஒண்ணுல நகம் தட்டுச்சு. அதை மட்டும் வேற சிலிண்டர் வாங்கி மாத்தினோம். மத்ததெல்லாம் பழைய இரும்பு, புது சீல்.

மூணாவது சனிக்கிழமை, மாட்டிக்கிட்டு இருக்கும்போது தம்பி சாதாரணமா சொன்னான். "அண்ணே, அடுத்த வியாழக்கிழமை நான் கம்போடியா போறேன். ஏஜெண்ட் டிக்கெட் போட்டுட்டார். கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ற வேலை, நல்ல சம்பளம்."

எனக்குக் கை நின்னு போச்சு. 2022-லிருந்து பத்திரிகையில எத்தனை செய்தி படிச்சோம். நல்ல சம்பளம்னு நம்பிப் போன நம்ம நாட்டுப் பிள்ளைகளை அடைச்சு வச்சு, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, மோசடி போன் பேச வச்ச கதை. நான் சத்தம் போடல. சத்தம் போட்டு அவனை மாத்த நினைச்சவங்க ஏற்கெனவே நிறைய பேர். "யாரு ஏஜெண்ட், எந்த கம்பெனி, ஒப்பந்தம் எங்கே"ன்னு மட்டும் கேட்டேன். எதுக்கும் அவன்கிட்ட பதில் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு அவனே சொன்னான். "அண்ணே, இடது பக்க சிலிண்டர் இன்னும் மாட்டலையே. இதை முடிக்காம போனா நல்லாருக்காது."

அன்னிக்குச் சாயங்காலமே கோயில் செயலாளரும் நானும் அவங்க வீட்டுக்குப் போனோம். அவங்க அம்மாகிட்ட ரெண்டு மணி நேரம் பேசினோம். வியாழக்கிழமை விமானம் போச்சு, அவன் போகல.

நாலாவது சனிக்கிழமை எண்ணெய் ஊத்தினோம். பேட்டரிக்கு சார்ஜர் போட்டுக்கிட்டோம், பம்ப் நிறைய மின்சாரம் இழுக்கும். கூரையை மெதுவா பலமுறை திறந்து மூடினா உள்ளே இருக்கிற காத்து தானா தொட்டிக்கு வந்துடும். எண்ணெய் அளவை மறுபடியும் பார்த்தோம். டிஷ்யூ சுத்தி வச்சோம். மறுநாள் காலையில பசியாறிட்டு வந்து பார்த்தா டிஷ்யூ காய்ஞ்சே இருந்துச்சு. அதை ஐயாகிட்ட காட்டினது தம்பிதான். அம்மா முதல்ல பழைய புடவை கட்டிக்கிட்டுத்தான் ஏறினாங்க, அது வேற கதை.

செலவு எவ்வளவுன்னு கேட்டவங்களுக்கு: முதல்ல சொன்ன விலையில ஒரு சின்னப் பங்குதான். ஐயா தம்பிக்குத் தனியா கூலி கொடுத்தார். வாங்க மாட்டேன்னான். "தொண்டு கோயில்ல செய், பட்டறையில செஞ்சது வேலை"ன்னு சொல்லி வாங்க வச்சேன்.

ஹென்றி மாட்ஸ்லேன்னு ஒருத்தர். பன்னிரண்டு வயசுல லண்டன் பக்கம் ஒரு ஆயுதச்சாலையில தோட்டாவுக்கு மருந்து நிரப்பப் போன பையன். ஜோசப் பிராமா 1795-ல ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனா அந்த இயந்திரத்துல கசிவை நிறுத்த முடியாம திணறினார். அவர் பட்டறையில வேலை செஞ்ச மாட்ஸ்லேதான் கிண்ணம் மாதிரி ஒரு தோல் சீலை யோசிச்சு அதைத் தீர்த்தார்னு சொல்வாங்க. அழுத்தம் கூடக்கூட அந்த சீல் இன்னும் இறுக்கமா பிடிச்சுக்கும். இன்னிக்கும் நாம போடுற பல சீல் அந்த யோசனையோட வாரிசுதான். பின்னாடி அவர் இங்கிலாந்தின் பெரிய இயந்திரப் பொறியாளர் ஆனார். இந்தக் கதையைத் தம்பிகிட்ட சொன்னேன். ஒண்ணும் பேசல. அடுத்த வாரம் அவனே எஸ்.கே.எம். பத்தி விசாரிச்சுக்கிட்டு வந்தான்.

அது அரசாங்கத்தின் மலேசியத் திறன் சான்றிதழ். முதல் நிலையில சேர எஸ்.பி.எம். கட்டாயமில்ல. வாகனப் பழுதுபார்ப்பு பாடத்துக்கு விண்ணப்பம் போட்டாச்சு, கோயில் அலுவலகத்துலதான் பாரத்தை நிரப்பினோம்.

பக்த கோடிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ "ஒண்ணுக்கும் ஆகாது"ன்னு பேர் வாங்கின பிள்ளை இருந்தா, எங்கே கசியுதுன்னு முதல்ல பாருங்க. முழுசா தூக்கிப் போட்டுடாதீங்க. வெளிநாட்டு வேலைன்னு யாராவது டிக்கெட் போட்டுக் கொடுத்தா, கோயில்ல ஒரு வார்த்தை சொல்லுங்க, விசாரிச்சுட்டுப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை காலை உழவாரப்பணி முடிஞ்சதும் ஒன்பதரைக்கு என் பட்டறை திறந்திருக்கும். மூணு பேருக்கு இடம் இருக்கு. காலணி மூடினதா போட்டு வரச் சொல்லுங்க, சிலிப்பர் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்க இப்போ ஆள் குறையுது, அதுக்கும் யாராவது வாங்க.