சரிவான தரையில் ஒரு காபி

திருவனந்தபுரம் தம்பானூரில், பஸ் நிலையத்தை ஒட்டி, செங்கல் நிறக் கட்டடம் ஒன்று திருகாணி மாதிரி சுழன்றுகொண்டே மேலே போகிறது. கண்ணாடி ஜன்னல் கிடையாது. சுவர் நெடுகச் சின்னச் சின்னத் திறப்புகள். முதல் முறை பார்ப்பவர்களுக்கு அது என்ன என்று பிடிபடாது. "புறாக்கூண்டாடா?" என்றார் அப்பா. இந்தியன் காபி ஹவுஸ் என்ற பலகையைக் காட்டிய பிறகுதான் உள்ளே வரச் சம்மதித்தார். மதுரை ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

உள்ளே மாடி என்று தனியாக எதுவும் இல்லை. வாசலில் ஆரம்பிக்கும் தரையே சரிந்து வளைந்து ஏறிக்கொண்டே போகிறது. வெளிச்சுவரை ஒட்டி, கட்டடத்தோடு சேர்த்துக் கட்டிய மேஜைகளும் பெஞ்சுகளும். மேஜைகள் சமமாக இருக்கின்றன, தரைதான் சரிவு. சின்ன மனையில் நிறையப் பேரை உட்கார வைக்க லாரி பேக்கர் கண்டுபிடித்த வழி இது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியா வந்து, 1989-ல் இந்தியக் குடியுரிமை பெற்று, 2007-ல் இதே திருவனந்தபுரத்தில் காலமானவர். சிக்கனத்தை அழகாக்கத் தெரிந்த கட்டடக் கலைஞர். சுவரே ஜன்னல் என்றால் கண்ணாடிச் செலவு இல்லை, பகலில் விளக்குச் செலவும் குறைவு. என் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டியவர் இங்கே வந்து ஒரு காபி சாப்பிட்டிருக்கலாம்.

அப்பா பார்த்தது கட்டடத்தை அல்ல. தலையில் விசிறி மடிப்பு வைத்த தலைப்பாகையும் இடுப்பில் பட்டையுமாக, கையில் தட்டுடன் சரிவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த பரிமாறுபவரைத்தான். "நாள் பூரா இப்படி ஏறி இறங்கினா முழங்கால் என்னத்துக்கு ஆகும்?" என்றார்.

மசால் தோசை வந்தது. அப்பா ஓர் ஓரத்தைப் பிய்த்துப் பார்த்துத் திடுக்கிட்டார். "என்னடா, ரத்தக் களரியா இருக்கு!"

பீட்ரூட். கேரளத்துக் காபி ஹவுஸ்களின் மசால் தோசைக்குள் மஞ்சள் உருளைக்கிழங்கைத் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். கட்லெட்டிலும் அதே சிவப்பு. இது ஏன் என்று பரிமாறியவரைக் கேட்டேன். "இவிடெ இங்ஙனெயாணு சாரே" என்று சிரித்தார். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடச் சரியான பதில் கிடைக்காது. மதுரைக்காரனுக்குப் பீட்ரூட் மசால் ஒரு தவறான மொழிபெயர்ப்பாகத்தான் தோன்றும். ஆனால் மூன்றாவது வாய்க்குப் பிறகு மூலத்தை மறந்துவிட்டேன். அப்பா மறக்கவில்லை, தோசையைத் தின்றுவிட்டு மசாலை ஓரமாக ஒதுக்கினார்.

காபி வரும் வரை அவருக்கு இந்தக் கடையின் கதையைச் சொன்னேன். காபி விற்பனையைப் பெருக்க 1930-களில் தொடங்கப்பட்டவை இந்தக் கடைகள். பிறகு காபி வாரியம் நடத்தியது. 1950-களின் நடுவில் நடத்த முடியாது என்று வாரியம் ஒவ்வொன்றாக மூட, தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன், கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்று அவர்களை ஊக்குவித்தார். 1957-ல் பெங்களூரிலும் டெல்லியிலும், 1958 மார்ச் 8 அன்று திருச்சூரிலும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கடைகள் திறந்தன. அதன் பிறகும் பாதை சமதளமாக இல்லை. டெல்லி கன்னாட் பிளேஸ் கடை நெருக்கடி நிலைக் காலத்தில் 1976-ல் இடிக்கப்பட்டது. பெங்களூர் எம்.ஜி. சாலைக் கடை 2009-ல் மூடப்பட்டு சர்ச் தெருவுக்குப் போனது.

"அப்ப முதலாளி யாரு?" என்றார் அப்பா.

"இவங்கதான்."

"இந்தத் தலைப்பாகைக்காரரா?"

"அவரும்தான். சங்கத்து உறுப்பினர்கள் எல்லாரும்."

அப்பா பேசவில்லை. கல்கத்தா காலேஜ் தெரு காபி ஹவுஸைப் பற்றி மன்னா டே 1983-ல் பாடிய வங்காளப் பாட்டு நினைவுக்கு வந்தது. அங்கே கூடிக் கதை பேசி, பிறகு திசைக்கொருவராகச் சிதறிப்போன நண்பர்களைப் பற்றிய பாட்டு. ஒருவன் பாரிசில், ஒருவன் டாக்காவில், ஒருவன் கல்லறையில் என்று பெயர் பெயராக வரும். காபி கொண்டுவந்தவர் பெயர் மட்டும் அதில் இல்லை. வங்காளி நண்பர்களிடம் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

நம் சினிமாவில் அவருக்கு ஒரு பெயர் உண்டு: சுந்தரம். 1964-ல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் ஓட்டல் சர்வரான நாகேஷ் பிறகு பெரிய சினிமா நடிகராகிவிடுவார். நாகேஷ் எதில் வந்தாலும் விழுந்து விழுந்து சிரிக்கும் அப்பா, அந்தப் படம் டி.வி.யில் வந்தால் மட்டும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். கல்லூரியில் படிக்கும்போது ஒரு முறை காரணம் கேட்டேன். "நிஜத்துல டம்ளர் உடையும்டா. சம்பளத்துல பிடிப்பாங்க" என்றார். ஒரு ஓட்டலில் அவர் பதினோரு வருடம் சர்வராக இருந்தது அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. பதினெட்டு வயதில் சேர்ந்திருக்கிறார். பிறகு ஒரு குமாஸ்தா வேலை கிடைத்ததும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் பெயருக்குப் பக்கத்தில் குமாஸ்தா வேலைதான் இருக்கும்.

கப் அண்ட் சாசரில் காபி வந்தது. டபரா இல்லாத காபியை அவர் சாதாரணமாக மதிப்பதில்லை. இதைக் குறை சொல்லாமல் குடித்தார். குடித்து முடித்ததும் கை தானாக வேலையில் இறங்கியது. மிச்சமிருந்த மசாலை ஒரே தட்டில் வழித்தார். அதை மேலே வைத்து, மற்றத் தட்டை அடியில் தள்ளினார். கரண்டிகளை ஒரே பக்கமாகத் திருப்பினார். ஒரு கப்பை இன்னொன்றுக்குள் இறக்கி, சாசர்களை அடுக்கி, எல்லாவற்றையும் பரிமாறுபவர் வரும் பக்கத்துக்கு நகர்த்தி வைத்தார். ஒரே கையில் எடுத்துவிடலாம்.

பில்லோடு வந்தவர் அந்த அடுக்கைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"சார் ஹோட்டல்லயா?" என்றார், நல்ல தமிழில்.

"ஆமா" என்றார் அப்பா. "பதினோரு வருஷம்."

"நமக்கு இருபத்திரண்டு."

"இந்த ஏத்தத்துலயேவா?"

"ஏறும்போது ஒண்ணுமில்லை. இறங்கறதுதான் கஷ்டம்" என்று அவர் முழங்காலைத் தட்டிக் காட்டினார். அப்பா தைலம் ஒன்றின் பெயரைச் சொன்னார். அவர் அதை பில்லின் பின்புறம் எழுதிக்கொண்டார். எனக்கு இன்னொரு பில் போட்டுத் தர வேண்டியதாயிற்று. இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்ததில், ரயிலுக்கு நாங்கள் கொஞ்சம் ஓட வேண்டியிருந்தது.